கையை எடுத்தால் அணையும் பைலட் சுடர்

கேள்வி: எங்கள் பழைய எரிவாயு வெந்நீர்க் கலனில், குமிழை அழுத்தியிருக்கும்வரை பைலட் சுடர் (பெரிய சுடரைப் பற்றவைக்கும் சிறு சுடர்) எரிகிறது; விட்டதும் அணைகிறது. கட்டுப்பாட்டு வால்வையே மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். அது சரிதானா, ஐயா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அவசரப்பட வேண்டாம், அம்மா. விலை அதிகமான பாகத்தை முதலில் மாற்றச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. சுடரில் சூடேறும் தெர்மோகப்பிள் என்ற உலோக உணரி உண்டாக்கும் சிறு மின்னழுத்தமே வால்வுக்குள் இருக்கும் காந்தத்தைப் பிடித்து, எரிவாயுவைத் திறந்து வைக்கிறது. ஆகவே குமிழை ஒரு நிமிடம்வரை அழுத்திப் பிடித்து, நீலச் சுடர் தெர்மோகப்பிளின் நுனியைச் சூழ்கிறதா என்று பாருங்கள். சுடர் மஞ்சளாகத் தளர்ந்து ஆடினால், பைலட் சுடர் வரும் துளையில் தூசியோ சிலந்தி வலையோ அடைத்திருக்கலாம்.

சுடர் நன்றாக இருந்தால், தெர்மோகப்பிளை வால்விலிருந்து கழற்றி, குமிழை அழுத்தியபடியே மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். 25 முதல் 30 மில்லிவோல்ட் வந்தால் அது நல்ல நிலையில் உள்ளது. மிகக் குறைந்தால் மாற்ற வேண்டியது மலிவான தெர்மோகப்பிளைத்தான். அளவு சரியாக வந்து, இணைப்பு முனையும் சுத்தமாக இருந்து, மிகை வெப்பத் துண்டிப்பானும் பழுதில்லை என்றால் மட்டுமே வால்வைச் சந்தேகிக்கலாம். அதைப் பிரித்துப் பழுதுபார்க்கக் கூடாது. தகுதி பெற்ற எரிவாயுப் பணியாளர் முழுதாக மாற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவைப் பார்க்க வேண்டும்.

தோம்பு எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாடை வந்தால் மின்விசைப் பொத்தானைத் தொடாமல் தோம்பை மூடிவிட்டு, கதவு சன்னல்களைத் திறந்து வெளியேறுங்கள்.