விழப்போகிற பல்தானே என்று விடாதீர்கள்

வணக்கம். மகளுக்கு இரண்டரை வயது, மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு, ஒன்றில் பழுப்புப் புள்ளி, ராத்திரி பால் புட்டியோடுதான் தூக்கம், "விழப்போகிற பல்தானே" என்கிறார் மாமியார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கோடு பெரும்பாலும் சொத்தையின் முதல் கட்டம். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடும். பால் மேல்பற்களிலேயே தேங்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிக்கும். உதட்டை இறக்கிப் பாருங்கள், கீழே சுத்தமாக இருந்தால் சந்தேகம் புட்டி மேல்தான்.

வெள்ளையாக இருக்கும்வரை சரியாக வாய்ப்புண்டு. குழி விழுந்துவிட்டால் தானாக ஆறாது. இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஃபுளோரைடு வார்னிஷ் (பல்லை உறுதிப்படுத்தும் மருந்துப் பூச்சு) பூசலாம், வலிக்காது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், அந்தத் தண்ணீரிலேயே ஃபுளோரைடு அதிகம் இருக்கலாம்.

புட்டியை ஒரேயடியாகப் பிடுங்கினால் வீடு ரணகளம்தான். முதலில் பாலில் சர்க்கரை போடுவதை நிறுத்துங்கள். அப்புறம் ராத்திரிப் புட்டியில் மட்டும் நாளுக்கு நாள் தண்ணீரைக் கூட்டி, கடைசியில் வெறும் தண்ணீர். பால் குடித்தபின் பல் துலக்கிவிட்டுத்தான் படுக்கை. துலக்குவது நீங்கள், அவள் இல்லை. பேஸ்ட் ஒரு அரிசி அளவு போதும், ஆனால் அட்டையில் 1000 பிபிஎம் ஃபுளோரைடு இருக்கிறதா பாருங்கள்.

மாமியாரிடம் இதைச் சொல்லலாம்: முன்பல் 6, 7 வயதில் விழும், சரி. கடைவாய்ப் பால்பற்கள் 10, 12 வயதுவரை மெல்ல வேண்டியவை. சொத்தை அங்கே பரவ அதிக நாள் ஆகாது.

ஈறோ கன்னமோ வீங்கினால் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.