கேள்வி–பதில்: பட்டமும் பங்காளி மரபணுவும்

பிரிட்டனில் டி.என்.ஏ. சோதனையால் ஒரு குடும்பத்தின் பரம்பரைப் பட்டம் கைமாறியதாகப் படித்தேன். உண்மையா? (வாசகர், திருச்சி)

உண்மைதான். 1683-இல் மன்னர் இரண்டாம் சார்லஸ், ஸ்காட்லாந்தின் ஸ்டிச்சில் ஊரைச் சேர்ந்த ராபர்ட் பிரிங்கிளுக்கு ‘பாரனெட்’ என்ற பரம்பரைப் பட்டம் கொடுத்தார். அவருக்குப் பிறகு அது ‘அவர் உடல்வழி பிறந்த ஆண் வாரிசுகளுக்கு’ என்கிறது சாசனம். வழக்கு முழுவதும் இந்தச் சொற்களைப் பிடித்தே நடந்தது.

10-ஆவது பாரனெட்டாக அறியப்பட்ட சர் ஸ்டூவர்ட் பிரிங்கிள் 2013-இல் காலமானார். பட்டத்தை அவர் மகன் சைமன் கோரினார். சர் ஸ்டூவர்ட்டின் தாத்தாவாகக் கருதப்பட்ட 8-ஆவது பாரனெட்டின் இன்னொரு மகன் வழிவந்த மர்ரே பிரிங்கிளும் கோரினார். சர் ஸ்டூவர்ட் உயிரோடு இருந்தபோது பிரிங்கிள் குல ஆய்வுக்காகத் தந்த டி.என்.ஏ. மாதிரியே சான்றாக வந்தது. அவருடைய தந்தை 8-ஆவது பாரனெட்டுக்குப் பிறந்தவர் அல்ல என்று அது காட்டியது. 2016 ஜூன் 20 அன்று, பிரிட்டனின் உயர் முறையீட்டு மன்றங்களில் ஒன்றான பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு மர்ரேயே வாரிசு என்றது. நெடுங்காலம் கடந்துவிட்டது என்ற வாதத்தையும், வேறு நோக்கத்துக்காகக் கொடுத்த மாதிரியைப் பயன்படுத்தக் கூடாது என்ற வாதத்தையும் அது ஏற்கவில்லை. (1863-இல் சிவகங்கை ஜமீன் வாரிசு வழக்கில் காத்தம நாச்சியார் பக்கம் தீர்ப்புச் சொன்னதும் இதே பிரிவி கவுன்சில்தான்.)

இறந்துபோன தாத்தாவின் மாதிரி இல்லாமல் எப்படி நிரூபித்தார்கள்? (வாசகி, கோவை)

ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் போகிறது. ஆகவே பங்காளிகள் எல்லோரிடமும் ஒரே ஒய் இருக்க வேண்டும். தாத்தாவைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. அவர் வழிவந்த ஆண்கள் போதும்.

இங்கே பலரும் தவறுவது ஓர் இடத்தில்தான். இரண்டு பேரை மட்டும் ஒப்பிட்டு, பொருந்தவில்லை என்றதும் ‘அவர் வாரிசு இல்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கொடிவழி எந்தப் பக்கம் அறுந்தது என்பதை இரண்டு மாதிரிகளால் சொல்ல முடியாது. நமது பக்கமே அறுந்திருக்கலாம். பல தலைமுறைக்கு முன்பே பிரிந்துபோன கிளையிலிருந்து மூன்றாவது பங்காளி ஒருவர் வேண்டும். இரண்டு மூன்று பேர் கிடைத்தால் இன்னும் நல்லது. அவர்களோடு யார் ஒத்துப்போகிறாரோ அவர் பக்கம் கொடி அறாமல் இருக்கிறது. பிரிங்கிள் குலத்தின் ஒய் மர்ரேயிடம் இருந்தது, சர் ஸ்டூவர்ட்டிடம் இல்லை.

ஒய்யில் எத்தனை இடங்களை (குறியிடங்களை) ஒப்பிட்டுச் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம். 12 குறியிடங்கள் மட்டும் பார்த்தால், உறவே இல்லாதவர்களும் பொருந்திவிடுவார்கள். 37 என்பது தொடக்கம். வழக்கு என்றால் 67 அல்லது 111 பார்ப்பது நல்லது. 111-இல் ஓரிரு இடம் மாறியிருந்தால் பதற வேண்டாம். தலைமுறைகள் செல்லச்செல்ல இயல்பாகவே அப்படிச் சில மாற்றங்கள் சேரும். கொடி அறுந்திருந்தால் வேறுபாடு பல இடங்களில் தெரியும்.

வீட்டிலேயே கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்து அனுப்பும் சோதனை செல்லுமா? (வாசகர், ஈரோடு)

வழி தேட உதவும். வழக்குக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். குச்சியில் இருப்பது யாருடைய உமிழ்நீர் என்பதற்கு அங்கே சாட்சி இல்லை. அடையாளச் சான்றைப் பார்த்து, மூன்றாம் நபர் ஒருவர் முன்னிலையில் எடுத்து, முத்திரையிட்டு, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரியே நிற்கும். மாதிரி எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரமாவது எதுவும் சாப்பிடக் கூடாது. வயதில் மூத்த பங்காளி இருந்தால் முதலில் அவரிடம் எடுத்துவிடுங்கள். எதற்காக எடுக்கிறீர்கள் என்பதை முழுதாகச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒரு முதியவரின் மாதிரி அவர் பெற்ற பிள்ளையின் உரிமையையே பறிக்கலாம். அது தெரிந்துதான் அவர் கொடுக்க வேண்டும்.

டி.என்.ஏ. பொருந்திவிட்டால் பட்டம் கிடைத்துவிடுமா? (வாசகி, மதுரை)

கிடைக்காது. அண்ணன், தம்பி, சித்தப்பா எல்லோரிடமும் அதே ஒய் இருப்பதால், இன்னாருக்கு இன்னார் மகன் என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. பெற்றோருக்குத் திருமணம் நடந்ததா என்பதையும் அது சொல்லாது. முதல் பாரனெட்டிலிருந்து உங்கள் வரைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆவணங்கள் கோத்து வர வேண்டும். மூத்த கிளைகள் ஆண் வாரிசின்றி முடிந்தன என்பதற்கும் ஆதாரம் வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியில்தான் பெரும்பாலும் இழுத்தடிக்கும். எல்லாம் சரியாக இருந்தால் பெயர் அதிகாரபூர்வப் பாரனெட் பட்டியலில் ஏறும்.

நீதிமன்ற ஆவணம் அறிவியலை நிறுத்திய வழக்கும் உண்டு. ஆம்ப்தில் பிரபுப் பட்டத்துக்கான 1976 வழக்கில், முந்தைய பிரபுவின் மூத்த மகன் சட்டப்படியான பிள்ளை என்று 1926-இல் நீதிமன்றம் அறிவித்ததே முடிவானது என்று பிரபுக்கள் சபை சொன்னது. இரத்தப் பரிசோதனைக்கே இடமில்லாமல் போயிற்று. பிரிங்கிள் வழக்கில் அப்படி ஒரு தீர்ப்பு முன்பே இருந்திருக்கவில்லை. என் கருத்தில் ஆம்ப்தில் முடிவு நியாயமானது. ஒரு குழந்தையின் பிறப்பை 50 ஆண்டு கழித்து மறுபடி விசாரிப்பது கொடுமை.

மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்பைச் சோதித்ததால் இங்கிலாந்து அரியணையே செல்லாது என்கிறார்களே? (வாசகர், வேலூர்)

இல்லை. 2012-இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் கிடைத்த அவருடைய எலும்புகள், இன்றைய தாய்வழி உறவினர்களின் மரபணுவோடு பொருந்தின. தந்தைவழிப் பங்காளிகளாகக் கருதப்பட்ட, இன்று வாழும் 5 பேரின் ஒய் எதுவும் மன்னருடையதோடு ஒட்டவில்லை. அந்த ஐவரில் ஒருவர் மற்ற நால்வரோடும் பொருந்தவில்லை. ரிச்சர்டுக்கும் அவர்களுடைய பொது மூதாதையான 5-ஆம் போஃபர்ட் பிரபுவுக்கும் இடையே 19 தந்தை–மகன் கண்ணிகள். எங்கோ ஒன்றாவது அறுந்திருக்கிறது. எது என்று தெரியாது. மேலும் இன்றைய அரியணை உரிமை 1701-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின்படி வருவது. அதற்கு ரிச்சர்டின் ஒய் தேவையில்லை.