காட்டுத்தீயும் இளம் தன்னார்வலர்களும்: வாசகர் கேள்விகள்

எனக்கு 16 வயது. தீயில் எரிந்த வீடுகளின் இடிபாடுகளை அகற்ற நண்பர்களோடு போகலாமா?

வேண்டாம். உங்கள் மனசு பெரியது. ஆனால் அந்தச் சாம்பல் பொல்லாதது. வீடு எரியும்போது மரம் மட்டுமா எரிகிறது? பெயின்ட், பேட்டரி, பிளாஸ்டிக், மின்கம்பி என எல்லாமே எரிந்து, ஈயமும் ஆர்சனிக்கும், பழைய கட்டடமானால் ஆஸ்பெஸ்டாஸ் இழைகளும் சாம்பலோடு தங்கிவிடுகின்றன. 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரை அழித்த தீயில் 85 பேர் இறந்தார்கள். தீ அணைந்த பிறகு அங்கே குடிநீர்க் குழாய்களில் பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருந்தது. அப்படிப்பட்ட தண்ணீரைக் காய்ச்சினாலும் குடிக்க முடியாது.

சாம்பல் வேலை, பயிற்சி பெற்ற பெரியவர்களுக்கானது. அவர்களுக்குமே முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 முகக்கவசம், கையுறை, உடம்பை முழுக்க மூடும் உடை எல்லாம் கட்டாயம். நீங்கள் நிவாரணப் பொருட்களைப் பிரித்து அடுக்கலாம். இழப்பீட்டு விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாமல் தவிக்கும் முதியவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தரலாம். இது சின்ன வேலை இல்லை. அந்த விண்ணப்பம் சரியாகப் போனால்தான் அவருக்கு மறுபடி வீடு.

தீ வருவதற்கு முன்பு மாணவர்கள் என்ன செய்வது? விழிப்புணர்வுப் பேரணி நடத்தலாமா?

பேரணிக்குச் செலவாகும் நேரத்தில் நாலு வீடுகளைச் சுற்றி வந்து பாருங்கள் என்பேன். காட்டுத்தீயில் பல வீடுகள் நெருப்பு நேரடியாகத் தொட்டு எரிவதில்லை. காற்றில் வெகுதூரம் பறந்து வரும் தீப்பொறிகள்தான் கொளுத்துகின்றன. பொறி எங்கே போய் உட்காரும் என்று யோசித்தபடியே பாருங்கள். கூரை ஓரத்து மழைநீர்த் தகரத்தில் காய்ந்த இலை கிடக்கும். சுவரை ஒட்டி விறகு அடுக்கியிருப்பார்கள். வாசலில் நார் மிதியடி இருக்கும். பரணுக்குக் காற்று போகும் துளையில் வலை இருக்காது. அல்லது பொறி நுழையும் அளவுக்குக் கண் பெரிதாக இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு மேல் கண் போகாத உலோக வலை அடித்தால் பெரும்பாலான பொறிகள் வெளியிலேயே நின்றுவிடும். சுவரைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்கு எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது.

கூரையில் ஏறுவது பெரியவர்கள் வேலை. கீழே கிடப்பதை அள்ளுவது உங்களுடையது. போகிற வீட்டில் தனியாக நடக்க முடியாதவர் இருக்கிறாரா, அவரை யார் அழைத்துப் போவார்கள் என்பதையும் கேட்டு எழுதி வாருங்கள். வெளியேறச் சொல்லும் நேரத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் குறிப்புதான் உதவும்.

நான் ஆசிரியை. மாணவர்களின் சேவை நேரத்தைக் கணக்கிட்டுச் சான்றிதழ் தருகிறோம். இதைச் சேவைவழிக் கற்றல் என்று சொல்லலாமா?

மணிக்கணக்கு மட்டும் போதாது. வகுப்பில் படித்தது களத்துக்குப் போக வேண்டும். களத்தில் பார்த்தது வகுப்புக்குத் திரும்பி வந்து அலசப்பட வேண்டும்.

ஒரு உதாரணம். கடும் தீ பட்ட மண்ணில் மெழுகு போன்ற ஒரு படலம் உருவாகும். மேல் சாம்பலை விலக்கிவிட்டு ஒரு கரண்டித் தண்ணீர் விட்டால், உறிஞ்சப்படாமல் முத்து முத்தாக நிற்கும். இதை நேரில் பார்த்த மாணவருக்கு, மழை வந்தால் அந்தச் சரிவில் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கலிபோர்னியாவின் மான்டெசிட்டோவில், மேலே உள்ள மலைச்சரிவுகளைத் தீ எரித்த சில வாரங்களில், 2018 ஜனவரி 9 அன்று பெய்த மழையில் சேறும் பாறையும் உருண்டு வந்து 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. பாதுகாப்பானது என்று அதிகாரிகள் அனுமதித்த இடத்தின் ஓரத்திலோ, மண் மாதிரியை வரவழைத்து வகுப்பிலோ இதைச் செய்யுங்கள். பிறகு, கீழே குடியிருப்பவர்களுக்கு இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். பாடமும் சேவையும் அங்கேதான் ஒன்றாகின்றன.

பயிற்சி வீண்போகாது. ஜப்பானின் காமாய்ஷியில் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் பக்கத்துத் தொடக்கப் பள்ளியோடு சேர்ந்து ஒத்திகை பார்த்து வந்தார்கள். 2011 சுனாமியின்போது அந்தச் சின்னக் குழந்தைகளைக் கைப்பிடித்து மேட்டுக்கு ஓடினார்கள்.

எரிந்த காட்டில் உடனே மரக்கன்று நடலாமா?

பொறுங்கள். சில பைன் மரங்களின் கூம்புகள் தீயின் சூட்டில்தான் திறந்து விதை உதிர்க்கும். பல யூகலிப்டஸ் மரங்கள் கருகிய தண்டிலிருந்தே துளிர்க்கும். அவசரப்பட்டுப் போனால் அந்த முளைகளை நாமே மிதித்து அழிப்போம். தானாக எது வருகிறது என்று ஒரு பருவமாவது குறித்து வையுங்கள். எங்கே எது நட வேண்டும் என்பதை வனத்துறை சொல்லட்டும். வெளியூர் மரவகை வேண்டவே வேண்டாம்.

பழைய துணி சேகரித்து அனுப்பலாமா?

கேட்டாலொழிய அனுப்பாதீர்கள். பிரிக்க ஆளில்லாமல் மலையாகக் குவியும். பணமாகத் திரட்டிக் கொடுங்கள்.

முகாமில் உதவிவிட்டு வந்ததிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. நான் பலவீனமானவளா?

இல்லவே இல்லை. அடுத்தவர் துயரத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்த எவருக்கும் இது வரலாம். உங்கள் குழுப் பொறுப்பாளரிடம் இன்றே சொல்லுங்கள். சில நாட்கள் முகாமுக்குப் போகாமல், கிடங்கிலோ தொலைபேசியிலோ வேலை கேளுங்கள். தீக்காட்சி வீடியோக்களைப் பார்ப்பதை நிறுத்துங்கள். இரண்டு வாரமாகியும் தூக்கம் திரும்பவில்லை என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள்.