கவிதையில துக்கத்தை மொழி எப்படி கடத்துது?

'கண்ணீர், அழுகைன்னு எழுதாமலே ஒரு கவிதை எப்படி அழ வைக்குது'ன்னு கேட்டிருந்தீங்க. எனக்குத் தெரிஞ்சு குட்டிக் குட்டி சொல்லுங்கதான் அந்த வேலைய செய்யுது. எங்க சேலத்துக்குப் பக்கத்துல இருக்கற தர்மபுரிதான் பழைய தகடூர், அத ஆண்ட அதியமான் இறந்தப்போ ஔவையார் பாடுனது புறநானூறு 235. கொஞ்சமா கள்ளு கெடச்சா எங்களுக்கே குடுத்துருவான், நெறைய கெடச்சா நாங்க பாட அவனும் சந்தோஷமா குடிப்பான், இப்படித்தான் ஆரம்பிக்கறாங்க, ஆனா 'ஈயும் மன்னே', 'உண்ணும் மன்னே'ன்னு ஒவ்வொண்ணு முடிவுலயும் அந்த 'மன்னே' வந்து விழுது பாருங்க, அங்கதான் நெஞ்சு அடைக்குது. 'ஈயும்'னா வழக்கமா குடுக்கறது, பக்கத்துல 'மன்' வந்ததும் அதெல்லாம் போயிருச்சுன்னு ஆயிடுது. தொல்காப்பியம் இந்தப் பொருளுக்கு 'கழிவு'ன்னே, அதாவது கழிஞ்சு போனதுன்னே பேர் சொல்லுது.

ஒப்பாரியும் அப்படித்தான். வாழப்பாடி பக்கம் எங்க ஆயா இறந்தப்போ பெரியம்மா சாவப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லல, "வெடியக்காலம் காப்பித்தண்ணி இனி யாருக்கும்மா வெப்பேன்"னு அந்த 'அம்மா'வ மட்டும் நீட்டுனாங்க, பதில் வராதுன்னு தெரிஞ்சே கேட்ட கேள்வி அது. அந்த நீட்டல எழுத்துல கொண்டுவர எனக்கு இன்னும் வரல.