மெக்லென்பர்க்கிலிருந்து வந்த மூதாதை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கி நகரில் வசிக்கிறேன். என் கணவரின் முன்னோர் வடஜெர்மனியில் உள்ள மெக்லென்பர்க்கிலிருந்து இங்கே குடியேறியவர்கள். என் மாமியார் குடும்ப வரலாற்றை ஒரு சிறு நூலாகத் தொகுத்துவருகிறார். அவருக்கு உதவும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. முதலில் வந்தவர் பண்ணைக் கூலியாளாக இருந்திருக்கிறார். 1857இல் வாட்டர்டவுன் அருகே ஒரு லூத்தரன் தேவாலயத்தில் அவருக்குத் திருமணம் நடந்த பதிவு இருக்கிறது. அவர் 1848 ஜெர்மன் புரட்சியில் ஈடுபட்டுத் தப்பி வந்தவர் என்றும், நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் அதிகாரிகள் குடும்பப் பெயரை மாற்றிவிட்டார்கள் என்றும் வீட்டில் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. கப்பல் பயணிகள் பட்டியல்களில் கணவன், மனைவி, குழந்தை என மூவரையும் சேர்த்துத் தேடிப் பார்த்துவிட்டேன். எந்தக் கப்பலில் வந்தார்கள் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூத்த மகன் 1855இல் மெக்லென்பர்க்கில் பிறந்தவன். அங்குள்ள தேவாலயப் பதிவேட்டில் அவன் முறைதவறிப் பிறந்தவன் என்று குறித்திருக்கிறார்கள். அதை நூலில் சேர்க்க வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்கள் நினைக்கிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

ம.

அன்புள்ள ம.,

புகுந்த வீட்டின் மூதாதையை இவ்வளவு பொறுமையோடு தேடும் உங்கள் மனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரி என்னை வருத்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் நாடுகளில் ஏழைகளின் திருமணம் எப்படிச் சட்டத்தால் தடுக்கப்பட்டது என்பதைப் பற்றிச் சில மாதங்களாகவே படித்தும் யோசித்தும் வருகிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. ஆகவே கப்பலைப் பற்றிய கேள்வி சற்றுக் காத்திருக்கட்டும்.

எல்லிஸ் தீவுக் கதையை விட்டுவிடுங்கள். அந்தக் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டதே 1892 ஜனவரி முதல் நாளில்தான். 1857இல் நியூயார்க்கில் இறங்கியவர்கள் அங்கிருந்த பழைய குடியேற்ற நிலையமான காஸில் கார்டன் வழியாக வந்திருப்பார்கள். அங்கும் எழுத்தர்கள் யாருடைய பெயரையும் மாற்றிக்கொண்டிருக்கவில்லை. பெயர்கள் பிற்பாடு அக்கம்பக்கத்தாரின் உச்சரிப்பிலும், பள்ளியிலும், பத்திரப் பதிவிலும் மெல்ல மெல்ல மாறியவை.

1848 புரட்சியாளர் என்ற ஆசையையும் விட்டுவிடச் சொல்வேன். தோற்றுப்போன அந்தப் புரட்சிக்குப் பின் அரசியல் அகதிகளாக அமெரிக்கா வந்தவர்கள் சில ஆயிரம் பேர். 1850களில் அந்நாட்டுக்கு வந்த ஜெர்மானியரோ ஒன்பது லட்சத்துக்கும் மேல். அந்த அகதிகளில் ஒருவராக உங்கள் வாட்டர்டவுனிலேயே வாழ்ந்த கார்ல் ஷுர்ஸ், ஜெர்மனியின் ஸ்பாண்டாவ் சிறையிலிருந்து தன் ஆசிரியர் கிங்கெலை மீட்டவர், பின்னாளில் அமெரிக்க உள்துறைச் செயலாளர் ஆனவர். அவருடைய மனைவி மார்கரெட்டே 1856இல் அதே ஊரில் ஜெர்மன் மொழியில் ஒரு மழலையர் பள்ளியைத் தொடங்கினார். அந்தப் புகழின் அருகே வாழ்ந்த குடும்பம் ஒன்று தன் மூதாதைக்கும் அதில் ஒரு பங்கைக் கேட்பது இயல்புதான். இருந்தாலும் ஒரு கூலியாளின் பேரர்கள் அவரைக் கூலியாளாகவே நினைவுகூரக் கூச்சப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் ஊரைவிட்டுப் போனதற்கான காரணம் எந்தப் புரட்சியாளரின் காரணத்துக்கும் குறைந்ததல்ல. அந்தக் காரணம், நீங்கள் மறைக்க நினைக்கும் பதிவேட்டிலேயே இருக்கிறது.

மெக்லென்பர்க்கில் பண்ணை அடிமைமுறை 1820இல் ஒழிக்கப்பட்டது. கேட்பதற்கு நல்ல செய்தி. நடந்தது வேறு. அதுவரை உழவன் நிலத்தோடு கட்டப்பட்டிருந்தான் என்றாலும், நிலப்பிரபுவும் அவனை வைத்துக் காக்கக் கடமைப்பட்டிருந்தார். விடுதலைக்குப் பின் அந்தக் கடமை போயிற்று. நிலம் மட்டும் அவனுக்கு வரவில்லை. ஓர் ஊரில் வாழும் உரிமை, அவ்வூர்ப் பண்ணையில் குடியிருக்க இடம் தரப்பட்டவனுக்கே கிடைத்தது. அந்த இடத்தைத் தருவதும் மறுப்பதும் நிலப்பிரபுவின் விருப்பம். குடியிருக்க இடம் இருப்பதாகக் காட்டினால்தான் பாதிரியார் மணம் செய்துவைக்க முடியும். ஆகவே ஒரு பண்ணையாளும் ஒரு பணிப்பெண்ணும் கணவன் மனைவியாகலாமா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் நிலப்பிரபுவிடம் இருந்தது.

அவர் ஏன் மறுக்க வேண்டும்? கொடூர மனம் ஒன்றே காரணமல்ல, அதில் கணக்கும் இருந்தது. ஒருவனைத் தன் பண்ணையில் குடியமர்த்திவிட்டால், அவன் நோயுற்றாலும் முதுமையடைந்தாலும், அவன் இறந்து மனைவியும் குழந்தைகளும் நிராதரவானாலும், அந்த ஏழைகளைப் பராமரிக்கும் செலவு அவர் தலையில் விழும். மணமாகாத இளைஞனுக்கும் பெண்ணுக்கும் ஆண்டுக் கூலி கொடுத்தால் போதும், தேவையில்லாதபோது அனுப்பிவிடலாம். எனவே குடிசைகளின் எண்ணிக்கையைக் குறைவாகவே வைத்திருப்பது பண்ணைக்கு இலாபமாக இருந்தது. குடிசை கிடைத்தவர்களுக்கும் அது இலவசமாகக் கிடைக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் ஆண் உழைப்பது போதாது, பண்ணை வேலைக்கு இன்னொரு ஆளையும் அவனே தன் செலவில் வைத்து அனுப்ப வேண்டும்.

இப்போது உங்கள் மூதாதையரை நினைத்துப் பாருங்கள். இருவரும் ஒரே பண்ணையில் அல்லது பக்கத்துப் பக்கத்துப் பண்ணைகளில் வேலை செய்திருப்பார்கள். இருபதுகளின் நடுவில் இருந்திருப்பார்கள். மணம் செய்துகொள்ள அனுமதி கேட்டிருப்பார்கள், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கும், அடுத்த ஆண்டும் அதே பதில் வந்திருக்கும். குழந்தை பிறக்கிறது. அதற்கு ஞானஸ்நானம் கொடுத்த தேவாலயமே, பெற்றோரின் மணத்தை நடத்திவைக்க முடியாத தேவாலயம்தான். குழந்தையின் பெயருக்கு எதிரே இகழ்ச்சியான அந்தச் சொல்லையும் அது எழுதிவைத்தது. மணத்தைத் தடுத்த நிலப்பிரபுவைப் பற்றி அந்தப் பதிவேட்டில் ஒரு வரியும் இருக்காது. தடுக்கப்பட்டவர்கள் மீது மட்டும் கறை. நூற்று எழுபது ஆண்டுகள் கழித்து, படித்த, அன்பான ஒரு குடும்பம், அதில் நீங்களும் ஒருவர், அந்தக் கறையை அப்படியே ஒப்புக்கொண்டு அதை மூடி மறைக்கப் பார்க்கிறீர்கள். மன்னியுங்கள், இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. இது அந்தப் பெண்ணுக்கு இரண்டாம் முறை இழைக்கப்படும் அநீதி.

இது ஓரிரு குடும்பங்களின் கதையும் அல்ல. மணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைகளின் விகிதம் மெக்லென்பர்க்கில் மிக உயர்ந்திருந்தது. பவேரியா, வூர்ட்டெம்பெர்க் போன்ற தென் ஜெர்மன் நாடுகளிலும், பிழைப்புக்கு வழி இருப்பதைக் காட்டாதவர்களுக்கு ஊர் நிர்வாகங்கள் மணத்தை மறுத்தன. ஃபிரிட்ஸ் ராய்ட்டர் என்ற மெக்லென்பர்க் எழுத்தாளர், தம் மண்ணின் தாழ்ஜெர்மன் மொழியில், குடியிருப்பு மறுக்கப்பட்ட ஒரு பண்ணையாளையும் அவன் காதலியையும் பற்றி ‘கைன் ஹ்யூசுங்’ (குடியிருக்க இடமில்லை) என்ற காவியத்தை எழுதினார். அவன் நிலப்பிரபுவைக் கொன்றுவிட்டு ஓடிப்போகிறான், அவள் குழந்தையோடு தனித்துவிடப்படுகிறாள். அந்த நூல் வெளிவந்ததும், உங்கள் மூதாதையர் கடல் கடந்த அதே 1850களின் பிற்பகுதியில்தான். ராய்ட்டர் கற்பனையிலிருந்து எடுத்த துயரமல்ல அது.

சில ஆண்டுகளுக்கு முன் ஷ்வெரின் நகருக்குக் கிழக்கே உள்ள சிற்றூர்களில் சுற்ற எனக்கு வாய்த்தது. பண்ணை மாளிகையும், அதிலிருந்து நேராகச் செல்லும் மரவரிசைச் சாலையும், சாலையின் ஓரத்தில் ஒரே கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள் வாழ்ந்த செங்கல் குடியிருப்புகளும் இன்னும் சில ஊர்களில் இருக்கின்றன. என்னை அழைத்துச் சென்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பழைய ஜெர்மன் கையெழுத்தைத் தடையின்றி வாசிப்பவர். ஓர் ஊரின் ஞானஸ்நானப் பதிவுகளின் நகல்களை மேசையில் பரப்பி எனக்கு வாசித்துக் காட்டினார். தந்தை பெயருக்கான இடம் பக்கத்துக்குப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. சில இடங்களில் மட்டும் பாதிரியார் பிற்பாடு வேறு மையில் ஒரு குறிப்பைச் சேர்த்திருந்தார்: பெற்றோர் இன்ன ஆண்டில் மணம் செய்துகொண்டனர். அந்தக் குறிப்புகளை வாசிக்கும்போது அவர் குரலில் மகிழ்ச்சி தெரிந்தது, தெரிந்த வீட்டுத் திருமணத்தைப் பற்றிச் சொல்வது போல. பிறகு தம் சொந்தப் பாட்டியின் தாயைப் பற்றிச் சொன்னார். அந்தப் பெண்ணின் பெயர் எழுதியிருந்த தாளைக் குடும்ப வேதாகமத்திலிருந்து யாரோ கிழித்துவிட்டார்களாம். பதிவேட்டைத் தேடிப் போய்த்தான் தன் கொள்ளுப்பாட்டிக்கு என்ன பெயர் என்பதை ஐம்பது வயதுக்கு மேல் அறிந்தாராம். “சட்டம் அவளுக்கு மணத்தைத் தரவில்லை, நாங்கள் பெயரையும் பறித்துவிட்டோம்” என்றார். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

இந்தக் கட்டுப்பாடுகள் என்றென்றைக்கும் நிலைக்கவில்லை. மெக்லென்பர்க்கும் சேர்ந்திருந்த வட ஜெர்மன் கூட்டமைப்பு 1867இல் விரும்பிய இடத்தில் குடியேறும் உரிமையையும், 1868 மே மாதத்தில் அனுமதியின்றி மணம் செய்துகொள்ளும் உரிமையையும் சட்டமாக்கியது. உங்கள் குடும்பத்தின் மூத்த மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவன் பெற்றோர் காத்திருக்கவில்லை. விஸ்கான்சினோ, 1848ஆம் ஆண்டின் அரசியல் சட்டப்படி, குடியுரிமை பெறும் விருப்பத்தை முறையாக அறிவித்து ஓராண்டு வசித்த வெள்ளையின ஆணுக்கு வாக்குரிமையே கொடுத்தது. குடிசைக்கு நிலப்பிரபுவிடம் கெஞ்சியவன் ஓராண்டில் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கலாம். மாநில அரசு குடியேறிகளை அழைக்க நியூயார்க்கில் ஒரு முகவரையே வைத்திருந்தது, ஜெர்மன் மொழியில் துண்டு நூல்கள் அச்சிட்டு அனுப்பியது. ஆனால் வாக்கு அந்தப் பெண்ணுக்கு இல்லை என்பதையும், அவர்கள் மணம் செய்துகொண்ட 1857இன் இலையுதிர்காலத்தில் அமெரிக்க வங்கிகள் அடுத்தடுத்து முடங்கி வேலையின்மை பரவியது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அவர்கள் சொர்க்கத்தில் இறங்கவில்லை.

அதோடு, ‘ஆளில்லாத காட்டைத் திருத்திப் பண்ணையாக்கினார்கள்’ என்ற வழக்கமான வரியைத் தயவுசெய்து எழுதாதீர்கள். அந்தத் தென்கிழக்கு விஸ்கான்சின் நிலம் பொட்டவாட்டமி, ஹோ-சங்க் என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் வாழிடம். 1833இன் ஷிகாகோ உடன்படிக்கையாலும் அதையொட்டிய உடன்படிக்கைகளாலும் அவர்கள் கையிலிருந்து எடுக்கப்பட்டு, ஏக்கர் ஒன்றேகால் டாலருக்கு அரசு விற்ற நிலம். தன் நாட்டில் குடியிருக்க இடம் மறுக்கப்பட்டவர்களுக்கு, வேறு மக்களிடமிருந்து பறித்த இடம் விலைக்குக் கிடைத்தது. இரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் எழுதும் துணிவு உங்கள் நூலுக்கு இருக்க வேண்டும்.

இனி கப்பல். நீங்கள் தேடிய முறையே தவறு, அதற்குக் காரணமும் நீங்கள் மறைக்க நினைத்த செய்திதான். புறப்பட்ட நாளில் அவர்கள் மணமாகாதவர்கள். ஆகவே பட்டியலில் கணவன், மனைவி, குழந்தை என்று மூவரும் ஒரே குடும்பப் பெயரின் கீழ் இருக்க வாய்ப்பில்லை. அவர் தன் பெயரில் தனியாக, கூலியாள் என்ற தொழிற்குறிப்போடு இருப்பார். அவள் தன் பிறந்த வீட்டுப் பெயரில், பணிப்பெண் என்ற குறிப்போடு இருப்பாள். குழந்தையும் தாயின் குடும்பப் பெயரில்தான் இருக்கும். அவர் முன்பே ஒரு கப்பலில் போய் வேலை தேடிக்கொண்டு, பயணச் சீட்டை அனுப்பி அவளையும் மகனையும் பிற்பாடு வரவழைத்திருக்கவும் கூடும். அப்படிப் போனவர்கள் ஏராளம்.

மெக்லென்பர்க்காரர்கள் பெரும்பாலும் ஹாம்பர்க் துறைமுகத்தையே நாடினார்கள். அது உங்கள் நல்வாய்ப்பு. பிரேமன் துறைமுகத்தின் பழைய பட்டியல்களை இடமில்லை என்று சொல்லி அதிகாரிகளே அழித்துவிட்டார்கள். ஹாம்பர்க்கின் பட்டியல்களோ 1850 முதல் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன, அவற்றில் பயணியின் சொந்த ஊரும் தொழிலும் குறிக்கப்பட்டிருக்கும். நேராக அமெரிக்கா சென்றவர்களுக்கு ஒரு வரிசையும், இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் இறங்கி லிவர்பூல் சென்று கப்பல் மாறியவர்களுக்கு வேறொரு வரிசையும் உண்டு. மலிவுக் கட்டணத்துக்காக அந்த வழியில் போனவர்களும் பலர் என்பதால் இரண்டையும் பாருங்கள். அந்தப் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரில் தொடங்கி, 1855இலிருந்து 1857 வரை, ஊர்ப்பெயரைக் கொண்டு தேடுங்கள். எழுத்துக்கூட்டல் பலவாறாக இருக்கும், சலித்துவிடாதீர்கள்.

நூலைப் பொறுத்தவரை, மகனின் ஞானஸ்நானப் பதிவை எழுத்து மாறாமல் அப்படியே அச்சிடச் சொல்லுங்கள். அதற்குக் கீழே, குடியிருப்பு அனுமதி பற்றிய மெக்லென்பர்க் நடைமுறையை ஒரு பத்தியில் விளக்குங்கள். அடுத்த பக்கத்தில் வாட்டர்டவுன் திருமணப் பதிவைப் போடுங்கள். உங்கள் மாமியார் தயங்கினால், இந்தப் பதிலை ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டுங்கள். அவருக்கு என் வணக்கத்தையும் சொல்லுங்கள். பட்டியலில் அவள் பெயர் அகப்பட்டதும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.