458 சதுர அடிக்கு எத்தனை பெட்டி டைல்ஸ்?

கேள்வி: ஹாலுக்கும் இரண்டு பெட்ரூமுக்கும் 2க்கு 2 விட்ரிஃபைடு டைல்ஸ் போடப்போகிறோம். தரை 458 சதுர அடி, கதவுகளைக் கழித்து ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் பட்டை) 127 ரன்னிங் அடி. கடையில் 29 பெட்டி போதும் என்கிறார்கள். மேஸ்திரி 34 கேட்கிறார். கூட்டிச் சொல்கிறாரா?

பதில்: இந்த முறை மேஸ்திரி பக்கம்தான் கணக்கு சரி. 2க்கு 2 என்பது வாய்ப்பேச்சு. டைல்ஸின் உண்மையான அளவு 600 மி.மீ. இரண்டு அடி என்றால் கிட்டத்தட்ட 610 வர வேண்டும். ஆக ஒரு டைல்ஸ் 4 சதுர அடி இல்லை, 3.875தான். நான்கு டைல்ஸ் பெட்டி 15.5 சதுர அடி, பெட்டியிலேயே 1.44 சதுர மீட்டர் என்று போட்டிருக்கும். கடையில் 458ஐ 16ஆல் வகுத்து 29 என்று சொல்லிவிட்டார்கள்.

நேர் வரிசையில் பதிக்க 5 சதவீதம் சேதாரம் சேர்த்தால் 481 சதுர அடி, அதாவது 125 டைல்ஸ். ஸ்கர்ட்டிங்குக்கு ஒரு டைல்ஸை ஆறு பட்டையாக அறுத்தால் பிளேடு தின்றது போக 4 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் 11.8 அடி கிடைக்கும். 127 அடிக்கு 11 டைல்ஸ். மொத்தம் 136, சரியாக 34 பெட்டி. கையில் ஒன்றும் மிஞ்சாது. 35ஆக வாங்கி, எல்லாப் பெட்டியிலும் ஷேட் எண்ணும் பேட்ச் எண்ணும் ஒன்றா என்று இறக்கும்போதே பாருங்கள். பாதி வேலையில் ஒரு பெட்டி குறைந்து திரும்பப் போனால் அதே ஷேட் கிடைப்பது அதிர்ஷ்டம்தான். குறுக்குவாட்டில் டைமண்டாகப் பதிப்பதானால் சேதாரத்துக்கு 10 சதவீதமாவது வையுங்கள்.

கேள்வி: அதே வீட்டுக்கு மெட்டீரியலோடு இரண்டு எஸ்டிமேட் வந்தது. ஒன்றில் சிமெண்ட் 14 மூட்டை, இன்னொன்றில் 24. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில்: கலவை கனம். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் என்ற 1:5 கலவையை ஒன்றரை அங்குலம் போட்டால் உங்கள் தரைக்கு சிமெண்ட் 10 மூட்டை சொச்சம், எம்-சாண்ட் 64 கன அடி. டைல்ஸுக்கு அடியில் ஊற்றும் சிமெண்ட் பாலுக்கு இன்னும் 4 மூட்டை. 14 வந்துவிட்டது. அதே கலவை மூன்று அங்குலமானால் சிமெண்ட் 24, 25 மூட்டை, மணல் ஒன்றேகால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி).

எனவே குறைந்த எஸ்டிமேட் போட்டவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல முடியாது. லெவல் பார்க்காமல் போட்டிருக்கலாம். டியூப் லெவலில் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) ஒவ்வொரு அறையின் நான்கு மூலையிலும் நடுவிலும், வாசல்படியிலும் டைல்ஸின் மேல்மட்டம் வரவேண்டிய உயரத்தில் குறி வைத்து, அதிலிருந்து கான்கிரீட் வரை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவுகளின் சராசரியிலிருந்து டைல்ஸ் கனத்தைக் கழித்தால் வருவதுதான் கலவை கனம். அதை எஸ்டிமேட்டில் எழுதி வாங்குங்கள். எழுதாவிட்டால் பாதியில் “மணல் பத்தலை சார்” என்று வந்து நிற்பார்கள்.

இறக்கு கூலி, மாடிக்கு ஏற்றும் கூலி, ஜாயிண்ட் ஃபில்லர், ஸ்கர்ட்டிங் பதிக்கும் கூலி, குப்பை அகற்றுவது ஆகியவை யார் பொறுப்பு என்றும் கேளுங்கள். டைல்ஸ் விலை ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் விடாதீர்கள்.

கேள்வி: பழைய மொசைக்கை உடைக்காமல் மேலேயே ஒட்டினால் மிச்சமா?

பதில்: தட்டிப் பார்த்தால் மொசைக் எங்கும் உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற சத்தம் தராமல் கெட்டியாக இருந்தால் மிச்சம்தான். 20 கிலோ டைல் அட்ஹெசிவ் மூட்டை 3 மி.மீ. கனத்தில் 40, 45 சதுர அடிக்கு வரும். உங்களுக்கு 11 மூட்டை. மொசைக்கின் பாலிஷை முதலில் கொத்தி சொரசொரப்பாக்கும் கூலியைச் சேருங்கள், இல்லாவிட்டால் பிடிக்காது. தரை அரை அங்குலம் உயரும். எல்லாக் கதவையும் கழற்றி அடியில் அறுக்க ஆசாரி கூலி தனி. இதைப் பெரும்பாலான எஸ்டிமேட்டில் பார்க்கவே முடியாது.