கிணத்துல கேஸ் வருது, மாடல்ல வரல. ஸ்கின் ஏத்தலாமா?

கேள்வி: ஒரு ஆயில் கிணத்துக்கு 100 மீட்டர் கிரிட்ல (பாறையை 100 மீட்டர் கட்டங்களா பிரிச்சு) சிமுலேஷன் மாடல் போட்டிருக்கேன். நிஜத்துல ரேட் வேகமா இறங்குது, கேஸ் கூடிக்கிட்டே போகுது, மாடல்ல ரேட் அப்படியே நிக்குது. ஸ்கின்னை, அதாவது கிணத்தை ஒட்டி ஓட்டத்துக்கு இருக்கிற கூடுதல் தடையைக் காட்டுற நம்பரை, ஏத்தி மேட்ச் பண்ணிடட்டுமா?

பதில்: தயவுசெஞ்சு ஸ்கின்ல கை வைக்காதீங்க. கிணறு இருக்கிற செல்லுக்கு (கிரிட்ல ஒரு கட்டம்) சிமுலேட்டர் காட்டுற பிரஷர், கிணத்தோட பிரஷரே கிடையாது. 1978ல பீஸ்மேன்ங்கிற சிமுலேஷன் ஆய்வாளர் இதை கணக்குப் போட்டு காட்டிட்டாரு, சதுர கிரிட்ல பெர்மியபிலிட்டி (பாறை திரவத்தை ஓட விடுற திறன்) எல்லா பக்கமும் ஒண்ணா இருந்தா அந்த பிரஷர் கிணத்துலேர்ந்து செல் அகலத்துல சுமார் 0.2 பங்கு தூரத்துல இருக்கிற பிரஷர், அதாவது உங்க மாடல்ல 20 மீட்டர் தள்ளி. கிணத்து ஆரம் 0.1 மீட்டர், ட்ரெய்னேஜ் ஆரம் (கிணறு ஆயிலை இழுக்கிற பரப்போட ஆரம்) 500 மீட்டர்னு வச்சுக்கோங்க, பிரஷர் லாக் கணக்குல இறங்குறதால மொத்த டிராப்ல 60 சதவீதத்துக்கு மேல அந்த கடைசி 20 மீட்டர்லயே போயிடுது, அந்த இடத்துல உங்க கிரிட்டே இல்ல, வெறும் ஃபார்முலாதான் இருக்கு.

செல் பிரஷர் பப்பிள் பாயின்ட்டுக்கு (ஆயில்ல கரைஞ்ச கேஸ் பிரிய ஆரம்பிக்கிற பிரஷர்) மேல இருக்கறதால மாடல் கேஸ் இல்லன்னு நினைக்குது. நிஜத்துல கிணத்துக்கிட்ட பிரஷர் அதுக்குக் கீழ போய், கேஸ் பிரிஞ்சு, ஆயிலோட ரிலேட்டிவ் பெர்மியபிலிட்டிய, அதாவது கேஸும் கூட இருக்கும்போது ஆயில் ஓடுற திறனை, அமுக்குது. இந்த கேஸ் வளையம் நாளாக ஆக பெருசாகும், ஸ்கின்னோ ஒரே நம்பர். இன்னிக்கு மேட்ச் ஆகும், ஃபோர்காஸ்ட் தப்பாயிடும்.

முதல்ல ஃப்ளோயிங் பாட்டம் ஹோல் பிரஷர் (கிணறு ஓடும்போது அடியில இருக்கிற பிரஷர்) பப்பிள் பாயின்ட்டுக்குக் கீழதான் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா காரணம் வேற, ஆயிலுக்கு மேல கேஸ் கேப் (தனியா நிக்கிற கேஸ் அடுக்கு) இருந்தா கோனிங்கா, அதாவது அந்த கேஸ் கூம்பு மாதிரி கிணத்துக்கு இறங்குறதா, இருக்கலாம், அதுக்கு லேயரையும் செங்குத்து பெர்மியபிலிட்டியையும் பாக்கணும். கீழதான்னா ஒத்தக் கிணறுக்கு ஒரு ரேடியல் மாடல் (கிணத்தைச் சுத்தி வளையம் வளையமா செல்) போடுங்க. வளையம் ஒவ்வொண்ணும் முந்தினதை விட 1.3 மடங்கு ஆரம்னு வச்சா 0.1லேர்ந்து 100 மீட்டருக்கு 27 வளையம் போதும், சீக்கிரமே ஓடி முடிஞ்சிடும். செல் சின்னதா இருக்கறதால ஃபுல்லி இம்ப்ளிசிட்ல (பிரஷரையும் சாச்சுரேஷனையும் ஒண்ணா தீர்க்கிற முறை) ஓட்டுங்க, இல்லன்னா டைம் ஸ்டெப் நொறுங்கிடும்.

அதுல சரிவு வந்துச்சுன்னா பெரிய மாடல்ல கிணத்தைச் சுத்தி மட்டும் கிரிட்டை நுணுக்குங்க. கனெக்‌ஷன் ஃபேக்டரை (செல் பிரஷரையும் கிணத்து பிரஷரையும் இணைக்கிற நம்பர்) கையால கொடுத்திருந்தீங்கன்னா அதை எடுத்துட்டு சிமுலேட்டரையே கணக்குப் போட விடுங்க, பழைய நம்பர் 100 மீட்டர் செல்லுக்கானது, பல பேர் இங்கதான் மாட்டுறாங்க. அதுக்கப்புறமும் இடிச்சா கிரிட்டிக்கல் கேஸ் சாச்சுரேஷனை (பாறைத் துளைகள்ல கேஸ் நகரத் தேவையான குறைஞ்சபட்ச பங்கு) பாருங்க, கேஸ் எப்ப நகர ஆரம்பிக்கும்னு அதுதான் முடிவு பண்ணுது.